மீதிப் பத்துக் கிலோமீற்றர்

எங்கள் பாடசாலைகளில் வருடந்தோறும் இல்ல விளையாட்டுப் போட்டியை ஒட்டி நடைபெறும் தெருவோட்டத்துக்கு மரதன் என்று பெயர். தூரம் ஐந்து கிலோமீற்றராயினும் எட்டாயினும் அது மரதனே. சித்திரைப் புத்தாண்டுக்குச் சனசமூக நிலையங்கள் நடத்துவதும் மரதனே. முப்பது வருடங்களுக்கு மேலாக மன்னார் மாவட்டத்துப் பாடசாலைகளில் ஆசிரியனாக இருந்த நான், தெரு முடக்குகளில் நின்று, வெறுங்காலோடு வியர்த்து வரும் பிள்ளைகளுக்குக் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரும் தோடம்பழத் துண்டும் நீட்டியிருக்கிறேனேயன்றி, ஒரு தடவையேனும் ஓடியவனல்லன். அந்தச் சொல்லுக்குரிய முழுத் தூரம் 42.195 கிலோமீற்றர் என்பதும், 1896 இல் ஏதென்ஸ் நகரத்து ஒலிம்பிக் விழாவில் ஏறத்தாழ 40 கிலோமீற்றராக இருந்த அது 1908 இல் இலண்டனில் இவ்வளவாக நீண்டு, 1921 இல் விதியாக நிலைபெற்றது என்பதும் வகுப்பில் நான் பல தடவை சொல்லிக்கொடுத்தவை. சொல்லிக்கொடுத்த தூரத்தைக் காலால் அளந்து பார்க்க வேண்டும் என்ற எண்ணம், ஓய்வு பெற்ற மறுவருடம், ஆவணி மாதத்து விடியற்காலை ஒன்றில் என்னிடம் வந்தது. ஏன் வந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. வந்த பிறகு அது போகவில்லை.

போட்டி எதற்கும் நான் பெயர் கொடுக்கவில்லை. திருக்கேதீச்சரக் கோயில் வாசலில் புறப்பட்டு, தள்ளாடிக்கு வந்து, கடலுக்குக் குறுக்கே மூன்று கிலோமீற்றர் கிடக்கும் பெருந்தெருவால் தீவுக்குள் நுழைந்து, மன்னார்ப் பட்டினத்தையும் தாராபுரத்தையும் தோட்டவெளியையும் பேசாலையையும் கடந்து தலைமன்னார்த் துறைமுகம்வரை போனால், அது ஏறத்தாழ 40 கிலோமீற்றர். இன்னும் சிறிது தூரத்தைக் கடற்கரை ஓரமாகச் சேர்த்துக்கொண்டால் மரதன் கணக்கு முடிந்துவிடும். பாடல்பெற்ற ஒரு தலத்தின் வாசலுக்கும், தரை தீர்ந்து சேதுவின் மணல்திட்டுகள் தொடங்கும் முனைக்கும் இடையிலுள்ள தூரம், எங்கோ ஒரு தேசத்தார் தம் காரணங்களுக்காக வகுத்த அளவோடு இவ்வளவு ஒத்துப்போவதை ஈசன் செயல் என்று நான் சொல்லமாட்டேன். ஆனாலும் அதைக் கண்டபோது மனம் ஒருவகை ஆறுதல் அடைந்தது உண்மை. மகா சிவராத்திரி கழிந்த மறுவாரத்தில், வாடையும் தணிந்து சோளகமும் தொடங்காத நாட்களில், ஓடுவதென்று சங்கற்பம் செய்துகொண்டேன்.

பிறகு இந்த விஷயம் தெரிந்தவர்கள் எழுதிய பயிற்சி நூல்களை வரவழைத்து வாசித்தேன். அவற்றில் ஒரு செய்தி என்னை நெடுநேரம் யோசிக்கவைத்தது. முதன்முதலாக மரதன் ஓடப்போகிறவன் வாரந்தோறும் தன் நெடிய ஓட்டத்தைச் சிறிது சிறிதாக நீட்டிக்கொண்டே போகிறான். பதினாறு, இருபது, இருபத்துநான்கு, இருபத்தெட்டு என்று போய், 30 அல்லது 32 கிலோமீற்றரில் அந்த ஏற்றம் நின்றுவிடுகிறது. முழுத் தூரத்தையும் அவன் ஓடிப் பார்ப்பதேயில்லை. ஓடிப் பார்த்தால் உடல் அடையும் சேதம் ஆற வாரக்கணக்காகும், பயிற்சி குலைந்துபோகும் என்பதால் அப்படி வகுத்திருக்கிறார்கள். ஆகவே எத்தனை மாதம் விடியற்காலையில் எழுந்தாலும், எவ்வளவு சிரத்தையாக அப்பியாசம் செய்தாலும், கடைசிப் பத்துக் கிலோமீற்றர் எப்படியிருக்கும் என்பது புறப்படும் நாள்வரை அவனுக்குத் தெரியாது. ஆயத்தத்தின் நடுவிலேயே ஆயத்தம் செய்ய முடியாத ஒரு பகுதியை வைத்திருக்கிறது இந்த அப்பியாசம். மனிதனுடைய பிரயத்தனம் எங்கே முடிகிறது, அனுக்கிரகம் எங்கே ஆரம்பிக்கிறது என்று எல்லாச் சமயத்தாரும் காலங்காலமாகக் கேட்டு வருகிற கேள்வியை, நூலில் வாசித்தபோது எனக்கு விளங்காத அதை, நான் முதலில் சந்தித்தது இந்த 32 என்ற எண்ணில்தான்.

ஆவணி என்றால் மன்னாரில் காற்றுக் காலம். தீவின் தென்கரையில் 2020 ஆம் ஆண்டில் நிறுத்திய முப்பது காற்றாலைகளும் அந்தக் காற்றை நம்பித்தான் நிற்கின்றன. அதிகாலை நாலு மணிக்குத் தெருவில் இறங்கினால், மின்கம்பங்களின் அடியில் கூட்டமாகத் தூங்கும் கழுதைகளும், தெருவுக்குக் குறுக்கே ஓடும் மணலும், எதிரும் பக்கமுமாக அறையும் காற்றும்தான் துணை. முதல் இரண்டு கிழமையும் அந்தக் காற்றோடு நான் பொருதினேன். எதிர்த்தபோதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு வேகத்தைக் கூட்டினேன். பேசாலைக் கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், என்னிடம் படித்த பிள்ளையின் தகப்பன், ஒருநாள் என்னை மறித்துச் சொன்னார்: "மாஸ்ரர், காத்துக்கு எதிரா ஓடேக்க பலம் பிடிக்காதேங்கோ. குனிஞ்சு, சின்னச் சின்ன அடியா வையுங்கோ. திரும்பி வரேக்க அதே காத்து உங்களைக் கொண்டுவந்து விடும்." பாய்மரம் விரித்துக் கடலில் போனவர் சொன்ன சொல் அது. காற்றை வென்று கரைசேர்ந்தவர் எவரையும் அவர் கண்டதில்லை; காற்றுக்கு ஏற்றபடி பாயை இழுத்துக் கட்டத் தெரியாதவன் கரைசேர்ந்ததையும் கண்டதில்லை.

இவ்விடத்தில் இந்தக் கரைக்குப் பேர்தந்த தொழிலைப் பற்றிச் சொல்லாமல் அப்பால் போக மனம் இடம்தரவில்லை. அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி என்ற கரையோர ஊர்களுக்கு நேரே கடலில் முத்துச்சிப்பி விளையும் பார்கள் உண்டு; பெரியபார், சேவல்பார் என்று அவற்றுக்குத் தனித்தனிப் பெயர்களும் உண்டு. மாசி பங்குனியில் கடல் அமரும்போது சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, கூடும். குளிப்பவன் ஒரு கனத்த கல்லின் கயிற்று வளையத்தில் காலை வைத்து நின்று, மூச்சை நிறைய இழுத்து, மூக்கை அடைத்துக்கொண்டு சாடை காட்டுவான். கயிற்றை நழுவ விட்டதும் கல் அவனை ஐந்தாறு பாகமோ அதற்கு மேலோ கீழே கொண்டுபோகும். அடியில் கால் பட்டதும் கல்லை விட்டுவிடுவான். அதை மேலே இழுத்துக்கொள்வார்கள். அவன் கவிழ்ந்து, கைக்கு எட்டிய சிப்பியையெல்லாம் அரிந்து கூடையில் போட்டு, ஒரு நிமிஷம் அல்லது சற்றே கூடுதலாக நின்று, இனி முடியாது என்ற கணத்தில் இடுப்பருகே கிடக்கும் கயிற்றை ஓர் இழுப்பு இழுப்பான். அந்த இழுப்போடு அவன் வேலை தீர்ந்தது. மேலே தோணியில் அவனுக்கென்றே நிற்கும் ஆள் கயிற்றை மளமளவென்று வாங்க, சிப்பிக் கூடையும் மனிதனும் வெளிச்சத்துக்கு வந்து சேர்வார்கள். ஒரு நாளில் நாற்பது, ஐம்பது தடவை இப்படி.

இந்த வர்ணனையைப் பழைய நூல்களில் பல தடவை வாசித்திருந்தும், ஓடத் தொடங்கிய பிறகே அதன் அமைப்பு என் கண்ணில் பட்டது. இறங்குவதும் அரிவதும் மூச்சை அடக்குவதும் குளிப்பவனுடைய பிரயத்தனம். ஏறுவது பிறனுடைய கையில். மூச்சை அடக்கிப் பழகாதவனை எந்தக் கயிறும் முத்தோடு மேலே கொண்டுவராது. எவ்வளவு பழகியவனாயினும், கயிறு பிடிப்பவன் அயர்ந்தால் அவனுக்குப் பழக்கம் உதவாது. இரண்டுக்கும் நடுவே, அந்த ஓர் இழுப்பு. அது பலத்தின் செயலல்ல. தன் பலம் தீர்ந்தது என்று மேலே உள்ளவனுக்குத் தெரிவிக்கும் செயல். அதைச் சரியான வேளையில் செய்வதற்கும் பயிற்சி வேண்டியிருந்தது என்பதுதான் என்னை வியக்கவைக்கிறது. கரையில் நின்று சுறாவின் வாயைக் கட்டுவதாகச் சொல்லி மந்திரம் ஓதிய கடல்கட்டிகளுக்கு வெள்ளைக்கார அரசாங்கமே நெடுங்காலம் கூலி கொடுத்து வந்தது. சைவனும் கத்தோலிக்கனும் முஸ்லிமும் ஒரே கடல்கட்டியை நம்பி அந்தத் தண்ணீரில் இறங்கினார்கள்.

அந்தச் சலாபத்தின் பலன் மனிதர் கணக்குக்கு அடங்கியதல்ல. 1905 ஆம் ஆண்டுக் குளிப்பில் எட்டுக் கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் கரையேறின. அதைக் கண்டு மயங்கிய ஆங்கிலக் கம்பெனி ஒன்று மறுவருடம் பார்களை இருபது வருடத்துக்குக் குத்தகைக்கு எடுத்தது. 1907 க்குப் பிறகு 1925 வரை குளிக்கச் சிப்பி இல்லை. கம்பெனியின் உழைப்பிலோ சாத்திரத்திலோ குறை இருந்ததாகத் தெரியவில்லை. கடல் கொடுக்கவில்லை.

ஐப்பசியில் எனக்கு ஒரு தடை நேர்ந்தது. முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் ஒரு நோவு, முதலில் ஓடி முடித்த பின்னும், பிறகு ஓடும்போதும், ஈற்றில் படி இறங்கும்போதும் வந்தது. நான் அதை மதிக்கவில்லை. தவம் என்றால் உடலை வருத்துவது என்று சிறுவயதில் கேட்ட பாடம் எனக்குள் இருந்தது போலும். வைத்தியர் எலும்பை விரலால் அழுத்திப் பார்த்து, மூன்று கிழமை ஓடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். அந்த மூன்று கிழமையும் நான் பட்ட மனவேதனை கொஞ்சமல்ல. செய்ததெல்லாம் வீணாய்ப்போகிறதே என்று ஒவ்வொரு விடியற்காலையும் திண்ணையில் உட்கார்ந்து, வெறிச்சோடிய தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீணாகவில்லை. நாலாம் கிழமை அஞ்சி அஞ்சி ஓடத் தொடங்கியபோது, முன்பு எனக்கு மூச்சு வாங்கிய தூரத்தை மூச்சு வாங்காமல் கடந்தேன். இது எப்படி என்று விசாரித்ததில் தெரிந்த விஷயம், இந்தக் கட்டுரையில் நான் சொல்ல விரும்பும் ஒன்றேயொன்றுக்கு ஆதாரமானது. ஓடும்போது உடல் பலமடைவதில்லை. ஓடும்போது தசைநார்களில் நுண்ணிய சிதைவுகள் ஏற்படுகின்றன, எலும்பு தேய்கிறது, சேமித்து வைத்த மாச்சத்து தீர்கிறது. ஓடி முடித்து, உண்டு, உறங்கிக் கிடக்கும்போதுதான் சிதைந்த நார் முன்னிலும் தடிப்பாகப் பின்னிக்கொள்கிறது, எலும்பு அடர்கிறது, நுண்ணிய இரத்தக் குழாய்கள் புதிதாகக் கிளைக்கின்றன. நாம் வலிமை என்று சொல்வது, நாம் ஒன்றும் செய்யாதிருக்கும் வேளையில் நம்மிடம் வந்து சேர்கிறது. ஆனால் ஓடாதவன் எவ்வளவு உறங்கினாலும் அது வருவதில்லை. ஓட்டம் அந்த வலிமையைச் செய்யவில்லை, விலைகொடுத்து வாங்கவுமில்லை. அது வருவதற்கு ஒரு வாசலைத் திறந்து வைத்தது, அவ்வளவே. ஓட்டத்துக்கு முந்திய மூன்று கிழமையில் தூரத்தைப் பாதிக்கும் கீழே குறைத்துவிட வேண்டும் என்று நூல்கள் விதிப்பதும் இதனாலேயே.

இதைத்தான் நம் சித்தாந்திகள் பரிபாகம் என்றார்களோ என்று நினைக்கிறேன். ஆன்மா தன் வினையை அனுபவிக்க அனுபவிக்க, அதைப் பற்றிய மலம் கழன்றுகொள்ளும் பக்குவம் அடைகிறது, இருவினையும் ஒப்பாகிறது, அப்போது சத்திநிபாதம், அதாவது அருள் பதிதல், நிகழ்கிறது. பக்குவம் அருளுக்குக் கூலியல்ல. பக்குவமில்லாத இடத்தில் அருள் பதிவதுமில்லை. வகுப்பறையில் இவ்வரிகளை நான் சொல்லிக்கொடுத்தபோது, கணக்கில் ஏதோ ஒரு படி விடுபட்டிருக்கிறதென்றே எனக்குத் தோன்றும். காரணமாகாமல் நிபந்தனையாக மட்டும் ஒன்று இருக்க முடியுமா? முடியும் என்பதை என் முன்னெலும்பு எனக்குக் காட்டிற்று.

வைணவர்கள் இதே வழக்கைக் குரங்குக் குட்டியையும் பூனைக் குட்டியையும் வைத்துப் பேசினார்கள். குரங்குக் குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ள வேண்டும் என்பது வடகலை. பூனைக் குட்டியைத் தாயே கவ்விச் செல்கிறது என்பது தென்கலை. கிறிஸ்தவர்களுக்குள் ஐந்தாம் நூற்றாண்டில் பெலேஜியுஸ் என்பவர், மனிதன் தன் சுயவிருப்பத்தாலேயே நன்மையைச் சாதிக்கலாம் என்று போதிக்க, புனித அகுஸ்தீனார், நன்மையை விரும்பத் தொடங்கும் அந்த முதல் விருப்பமே தேவ கிருபையால் வருவது என்று மறுத்தார். ஆவணி மாதத்தில் எனக்குள் வந்த எண்ணத்துக்குக் காரணம் தெரியாமல் இருக்கும் நான் அகுஸ்தீனாரோடு வாதிட மாட்டேன். எருக்கலம்பிட்டியிலுள்ள என் முஸ்லிம் நண்பர், தவக்குல் என்பதை விளக்கும்போது, ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் அல்லாஹ்விடம் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும் என்று நபிகள் நாயகம் சொன்னதாக எடுத்துரைப்பார். ஐந்தே கிலோமீற்றருக்குள் மூன்று சமயத்தாரும் நெருங்கி வாழும் இந்தத் தீவில், மூன்று பள்ளியின் வாதங்களும் வெவ்வேறு தெருக்களில் ஒரே விடியற்காலையில் கேட்கின்றன.

ஆயினும் வாதங்களைவிட எனக்கு நெருக்கமாக இருப்பது அப்பர் பெருமானின் கயிலை யாத்திரை. முதுமையிலே, காளத்தியைத் தரிசித்து, அங்கிருந்து கயிலைநாதனைக் காணும் வேட்கை மேலிட, வடதிசை நோக்கி நடந்தார். கூட வந்தவர்களை விட்டுத் தனியராய், இரவும் பகலும், காயும் கிழங்குங்கூட வேண்டாது நடந்ததில் பாதங்கள் பரடுவரை தேய்ந்தன. பாதம் தேய்ந்தபோது கைகளை ஊன்றித் தாவினார். கைகள் மணிக்கட்டுவரை தேய்ந்தன. மார்பினால் ஊர்ந்தார், தசை கிழிந்து எலும்பு முரிந்தது. புரண்டு புரண்டு போனார். உறுப்பெல்லாம் அழிந்து, புரள்வதும் ஒழிந்து, வழியிலே கிடந்தார். சேக்கிழார் இவ்வரிசையை எவ்வளவு நிதானமாகச் சொல்லிக்கொண்டு போகிறார் என்பதைப் படித்தவர்கள் அறிவார்கள். ஓர் உறுப்பு தீர்ந்தபின் அடுத்த உறுப்பு, அது தீர்ந்தபின் அடுத்தது என்று, ஒன்றையும் அவசரப்படுத்தவில்லை. இறைவன் ஒரு முனிவராக அங்கே வந்து, மானுடராலே கயிலை அடையத்தக்கதன்று, திரும்பிப் போம் என்றபோதும், ஆளும் நாயகனைக் கண்டாலன்றி இந்த மாளும் உடலைக்கொண்டு மீளேன் என்ற கருத்திலேயே நின்றார் அவர். பிறகு எழுப்பப்பட்டார், உறுப்புகள் நிறைந்தன, அருகிருந்த தடாகத்தில் மூழ்கும்படி பணிக்கப்பட்டார். மூழ்கியவர் எழுந்தது திருவையாற்றுக் குளத்தில். களிறும் பிடியும் இணைந்து வந்த அந்தக் கரையிலே, தேடிப்போன கயிலையை அவர் கண்டார்.

ஐயாறு காளத்திக்குத் தெற்கே இருக்கிறது. வடக்கே அவர் தேய்த்த ஒவ்வோர் அங்குலமும் பூகோளக் கணக்கில் எதிர்த்திசைப் பயணம். முதலிலேயே திருவையாற்றுக்குப் போய்க் குளத்தில் மூழ்கியிருந்தால் கண்டிருப்பாரா என்று மாணவன் ஒருவன் என்னிடம் கேட்டான். அன்று நான் பதில் சொல்லவில்லை. இன்று கேட்டால், அந்தக் குளத்தில் தினமும் ஊரார் குளித்துக்கொண்டுதான் இருந்தார்கள் என்று சொல்வேன். மரதனுக்கு மூலமென்று கிரேக்கர் சொல்லும் கதையில் ஓடி வந்தவன் வெற்றிச் செய்தியைச் சொல்லி விழுந்து இறந்துபோகிறான். நம் கதையில் விழுந்து கிடந்தவர் எழுகிறார். உடல் தன் எல்லையில் என்ன ஆகிறது என்பதைப் பற்றி இரண்டு நாகரிகங்கள் கொண்ட எண்ணம் அதில் தெரிகிறது.

இவ்வளவு எழுதிவிட்டுத் தோட்டவெளியைக் கடந்து போக என்னால் முடியவில்லை. நெடிய ஓட்ட நாட்களில் அவ்வூரை நான் கடக்கும்போது மணி ஆறாகியிருக்கும். வேதசாட்சிகளின் நினைவாக நிற்கும் கோயிலில் மணியோசை கேட்கும். 1544 ஆம் ஆண்டில், புனித பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிய குருவிடம் திருமுழுக்குப் பெற்ற இத்தீவு மக்களில் ஏறத்தாழ அறுநூறு பேர், யாழ்ப்பாணத்து அரசன் சங்கிலியின் ஆணையால் கொல்லப்பட்டனர். அவர்கள் திருமுழுக்குப் பெற்றதும் இறந்ததும் ஒரே வருடத்தில். நாற்பது நாள் நோன்பை ஒரு தடவையாவது முழுதாக அனுசரிக்க அவர்களுக்குக் காலம் இருந்ததோ என்னவோ. ஆயத்தம் என்று நான் இதுவரை சொல்லிவந்ததில் ஒன்றுகூட அவர்களிடம் இருக்கவில்லை. ஆனால் முழுத் தூரத்தையும் அவர்கள் போனார்கள். என் கொள்கைக்கு இது இடறுதான். பரம்பரையாய்க் கடலுக்குப் போய், வருவோமோ மாட்டோமோ என்று தினமும் கரையில் விடைபெற்று வந்த குடிகளுக்கு வேறுவகை ஆயத்தம் இருந்திருக்கும் என்று ஒரு சமாதானம் சொல்லலாம். சொன்னாலும் அது எனக்கு முழுத் திருப்தி தரவில்லை. பக்குவம் எங்கே எவ்வளவு நாளில் விளைகிறது என்று அளக்கும் கோல் பயிற்சி நூல் எழுதியவர் கையிலும் இல்லை, என் கையிலும் இல்லை. அந்த மணியோசை கேட்கும்போது நான் ஓட்டத்தை நிறுத்தி ஒரு கணம் நின்று போவது வழக்கமாகிவிட்டது.

தலைமன்னாரைப் பற்றி எண்ணும்போதெல்லாம் இன்னொருவர் நினைவுக்கு வருகிறார். இந்தத் தெரு முடியுமிடத்தில் கடலோட்டம் தொடங்குகிறது. 1966 சித்திரையில் வங்காளத்து மிகிர் சென் இங்கிருந்து தனுஷ்கோடிக்கு ஓர் இரவும் பகலும் நீந்திச் சேர்ந்தார். வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் 1971 இல் அக்கரைக்கு நீந்தியதோடு நில்லாமல், திரும்பி இக்கரைக்கும் நீந்தினார்; 51 மணித்தியாலம். சட்டம் படித்த அந்த மனிதர் ஒற்றைக் காலில் நின்றும், நீரில் மிதந்தும், நிறுத்தாமல் சைக்கிள் ஓடியும் உடலுக்கு எல்லை எங்கே என்று வாழ்நாள் முழுவதும் தேடியவர். 1984 ஆவணியில், ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்கும் முயற்சியில், நாற்பத்தோராம் வயதில், அந்தக் குளிர்ந்த நீரிலே உயிர் நீத்தார். அவரைவிடப் பயின்றவர் யார்? கயிறு ஏன் அங்கே இழுக்கப்படவில்லை என்று கேட்கும் உரிமை அவர் வீட்டாருக்கு உண்டு. பதில் சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை. பலன் கிடைத்ததை வைத்து அருளை அளப்பவன், பார் வற்றிய வருடத்தில் கடலே இல்லையென்று சொல்பவனாகிறான். 1872 இல் திருக்கேதீச்சரத்தை மீட்கும்படி சைவ மக்களை வேண்டிய ஆறுமுக நாவலர் 1879 இல் சிவபதம் அடைந்தபோது, அங்கே காடுதான் இருந்தது.

மாசி பிறந்தபின் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் நான் முப்பத்திரண்டு கிலோமீற்றரும் ஓடினேன். கோயில் வாசலில் இருட்டில் புறப்பட்டு, தள்ளாடிப் பெருந்தெருவில் வரும்போது கிழக்கு வெளுத்தது. இரு பக்கத்து ஆழமில்லாத நீரிலும் பூநாரைகள் தலையைக் கவிழ்த்து மேய்ந்துகொண்டு நின்றன. மடியில் வைத்திருந்த பனாட்டுத் துண்டொன்றைப் பட்டினத்தில் மென்றேன். மற்றொன்றைப் பேசாலை வெற்றி நாயகி கோயிலருகில். உடலில் சேர்த்து வைத்த மாச்சத்து முப்பது கிலோமீற்றர் அளவில் தீர்ந்துபோகும் என்று வாசித்தது எவ்வளவு மெய்யென்று இரண்டாம் ஞாயிறு கண்டேன்: கால் கனத்ததைவிட, ஓட வேண்டும் என்ற விருப்பமே என்னைவிட்டுக் கழன்று போனது. எண்ணமும் மாச்சத்தில்தான் நிற்கிறதென்றால், என்னுடையது என்று நான் நினைத்த சங்கற்பத்தில் என்னுடைய பங்கு எவ்வளவு? அந்த நேரத்தில் கேள்வியைத் தொடர எனக்குச் சக்தி இல்லை. வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த அந்த முதியவர், ஒன்றும் கேட்காமல், தன் போத்தலை நீட்டினார். கஞ்சித் தண்ணீர், உப்புப் போட்டது. வாங்கிக் குடித்தேன். எத்தனையோ வருடம் தெரு முடக்குகளில் நின்று நீட்டிய கைக்கு, வாங்கிக் குடிப்பது எப்படியென்று அன்றுதான் தெரிந்தது.

அன்றிலிருந்து தூரத்தைக் குறைத்துவிட்டேன். இந்த வாரம் முழுவதும் ஓட்டம் ஐந்து கிலோமீற்றருக்கு மேல் இல்லை. பகலில் படுத்து உறங்குகிறேன். சிவராத்திரியன்று பாலாவியில் குடத்தை முக்கி நீர் சுமந்து மகாலிங்கத்துக்கு வார்க்கும் சனங்களோடு நானும் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னே நின்ற குழந்தையின் குடத்திலிருந்து பாதி நீர் வழியிலேயே சிந்திவிட்டது. மீதியை வார்த்தபோது, குருக்கள் அதையும் மற்றவற்றைப் போலவே பார்த்துக்கொண்டு நின்றார்.

பேசாலைக்கு அப்பால், சரியாக முப்பத்திரண்டாவது கிலோமீற்றரில், தெருவின் வலப்பக்கத்தில் காவோலை கழிக்காத ஒரு பனை நிற்கிறது. இரண்டு ஞாயிறும் அதனடியில் நின்று திரும்பும் பஸ்ஸுக்காகக் காத்திருந்தேன். பஸ்ஸில் எத்தனையோ தடவை போன தெருதான் அது. தலைமன்னார்வரை ஒவ்வொரு வளைவும் தெரியும். ஆனால் பனையடியிலிருந்து பார்க்கும்போது வளைவும் தெரியவில்லை, வெளிச்சவீடும் தெரியவில்லை. இரண்டு பக்கத்துப் பற்றைகளுக்கும் நடுவே தெரு நேராகப் போய், கானலில் வெள்ளையாகக் கரைந்து கிடந்தது.